சம்பளத்தில் தருமத்துக்குக் கழிக்கும் காசு: வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறதா?

கேள்வி. 2025 ஜூன் 14

யாழ்ப்பாண நகரில் ஏறத்தாழ அறுபது பேர் வேலை செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் நான் எழுதுவினைஞராக இருக்கிறேன். நலன்புரிச் சங்கச் சந்தாவாக மாதம் 150 ரூபாய் ஏற்கெனவே கழிகிறது. இப்போது வறிய மாணவருக்கு உதவுவதற்கென்று மாதம் 500 ரூபாயைச் சம்பளத்திலேயே கழிக்கச் சம்மதம் கேட்டு ஒரு தாள் மேசைக்கு மேசை வருகிறது. "விருப்பமானவர்கள் மட்டும்" என்று மேலே எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே முதலாவதாக முகாமையாளரின் பெயரும் 5,000 என்ற தொகையும் இருக்கின்றன. உதவுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு தங்கைகளின் படிப்பை நான்தான் பார்க்கிறேன். கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுத்தால் என்னவாகும்? இப்படி வேலையிடத்தில் காசு சேர்ப்பதே சரியானதா?

ஜூன் 15, காலை

இருபத்திரண்டு ஆண்டுகள் சம்பளப் பட்டியல் தயாரித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சட்டப்படி உங்கள் சம்பளத்தில் கழிக்கப்பட வேண்டியது ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதமும், வருமானம் எல்லையைத் தாண்டினால் வரியும். அதே நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் நிறுவனத்தின் கையிலிருந்து போக வேண்டியவை. தருமம் இந்த வரிசையில் வராது. நீங்கள் சம்மதிக்காவிட்டால் ஒரு சதமும் கழிக்க முடியாது. ஆகவே இயலாவிட்டால் கையொப்பமிட வேண்டாம்.

வேலையிடத்தில் காசு சேர்ப்பது சரியா என்ற இரண்டாவது கேள்விக்கு, சரி என்றுதான் சொல்வேன். பிழை அந்தத் தாளில் இருக்கிறது.

ஜூன் 15, இரவு

காலையில் எழுதியது போதவில்லை என்று நாள் முழுவதும் மனதில் பட்டுக்கொண்டிருந்தது. "கையொப்பமிட வேண்டாம்" என்று ஓய்வுபெற்றவன் வீட்டிலிருந்து எழுதுவது எளிது. அந்தத் தாள் உங்கள் மேசையில் கிடக்கும்போது, பக்கத்து மேசையில் இருப்பவர் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படிப்பட்ட ஒரு தாளைத் தயாரித்தவன் நான்.

நலன்புரிச் சங்கத்தின் செயலாளராக நான் இருந்த காலத்தில், வன்னியில் உள்ள ஒரு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பைகளும் சப்பாத்துகளும் வாங்கிக் கொடுக்கத் தீர்மானித்தோம். தொகையின் இறங்குவரிசையில் பெயர்களை அடுக்கி, பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று கணினியில் கட்டம் போட்டு அச்சிட்டு, பிரிவுத் தலைவர்களின் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். அலுவலக உதவியாளராக இருந்த ஒரு தம்பி மாதம் 500 ரூபாய் என்று எழுதியிருந்தார். பட்டியலில் அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் அவரைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சம்பளம் வாங்குபவர்கள். அவர்களில் ஒருவர் எழுதியதும் அதே 500தான். அடுத்த மாதம் அந்தத் தம்பி சம்பள முற்பணம் கேட்டு என்னிடம் வந்தார். அவருடைய சம்பளத் தாளை எடுத்துப் பார்த்தேன். சேமலாப நிதி, பண்டிகை முற்பணம், துவிச்சக்கரவண்டிக் கடன், சங்கச் சந்தா, அதற்குக் கீழே நான் சேர்த்த தருமம் எல்லாம் போக, கையில் கிடைத்த தொகையைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தருமத்தை நிறுத்திவிடவா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணை, பேரை வெட்டினால் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றார்.

வறிய பிள்ளைகளுக்கென்று சேர்த்த காசில் ஒரு பகுதியை, வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முற்பணம் கேட்கும் ஒருவரிடமிருந்து நான் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தைப் பற்றி உண்மையில் யோசிக்கத் தொடங்கினேன்.

ஜூன் 19

பட்டியல் இல்லாவிட்டால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள் என்று கோப்பாயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கோயில் மதிலில் உபயகாரரின் பெயர் பொறிக்கப்படுவதால்தான் மதில் எழும்புகிறது என்பது அவர் வாதம். மதிலுக்கு அது பொருந்தலாம். சம்பளத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் உபயம் கேட்டு வரும் தர்மகர்த்தா எனக்குச் சம்பள உயர்வு சிபாரிசு செய்பவர் அல்லர். என் விடுமுறையில் கையொப்பமிடுபவரும் அல்லர்.

பெயர் தெரியாமல் கொடுப்பது எங்களுக்குப் புதிதும் அன்று. எங்கள் வீட்டு அடுப்படியில் பிடியரிசி முட்டி ஒன்று இருந்தது. உலைக்கு அரிசி களையுமுன் அம்மா ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். மாதம் ஒருமுறை மடத்திலிருந்து சாக்குடன் ஒருவர் வந்து வாங்கிப் போவார். சாக்கில் கொட்டிய பிறகு எந்த வீட்டின் அரிசி எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. சம்பளத்தில் கழிப்பது என்ற ஏற்பாட்டின் நன்மையும் இதுதான். காசு கைக்கு வருமுன்னே ஒரு பிடி ஒதுங்கிவிடுகிறது. செலவழித்து மிஞ்சியதில் கொடுப்போம் என்று இருந்தால் மிஞ்சுவதே இல்லை.

ஜூன் 20

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அம்மாவின் கை எப்போதும் ஒரே அளவில் முட்டிக்குள் போனதாக எழுதிவிட்டேன். 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டின் விறாந்தையில் இருந்த மாதங்களில் எங்களிடம் முட்டியும் இல்லை, எடுத்துப் போட அரிசியும் இல்லை. அக்காலத்தில் எங்கள் அடுப்பில் வெந்ததே வேறு யாரோ ஒதுக்கியதாகத்தான் இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு அம்மா மீண்டும் தொடங்கினார். இடையில் ஏன் நிறுத்தினாய் என்று எவரும் கேட்கவில்லை. நிறுத்துவதும் தொடங்குவதும் அவரவர் கையில் இருந்தன என்பதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 27

இலண்டனில் வேலை செய்யும் என் மைத்துனர் இந்த உரையாடலைப் படித்துவிட்டு, அங்கே இது எப்படி நடக்கிறது என்று விளக்கினார். பிரித்தானியாவில் 1987 ஆம் ஆண்டிலிருந்து சம்பளத்திலேயே கொடை கழிக்கும் முறை உண்டு. வருமான வரி கணக்கிடுமுன் தொகை கழிக்கப்படுவதால், 20 சதவீத வரி கட்டும் ஒருவர் 10 பவுண் கொடுத்தால் அவருடைய கையிலிருந்து உண்மையில் குறைவது 8 பவுண். எந்த அறநிறுவனத்துக்கு என்பதை ஊழியரே தெரிவுசெய்கிறார். இடையில் அங்கீகரிக்கப்பட்ட ஒரு முகவர் நிறுவனம் காசைப் பெற்று அனுப்பிவைக்கிறது.

வரிச் சலுகையைவிட "ஊழியரே தெரிவுசெய்கிறார்" என்ற இடம்தான் என்னைப் பிடித்தது. நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. செயற்குழுவில் ஏழு பேர் கூடி, பெரும்பாலும் அந்த ஏழு பேரில் ஒருவருடைய ஊர்ப் பாடசாலையைத் தீர்மானிப்போம். புற்றுநோயால் தாயை இழந்த ஒருவருக்குத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குக் கொடுக்க விருப்பம் இருந்திருக்கலாம், கேட்கப்படவே இல்லை.

இலங்கையிலும் பற்றுச்சீட்டைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 1

மேலேயுள்ள கடைசி வரி அரைகுறையானது என்று கணக்காளர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குக் கொடுத்த காசுக்குத்தான் தனியாள் ஒருவருக்கு அந்தக் கழிவு உண்டு. அதுவும் வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவரைக்கும் மட்டுமே. அலுவலகச் சங்கம் நேரடியாக ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் காசு இதற்குள் வராது. இவ்வாண்டு ஏப்ரலிலிருந்து ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபாய் வரைக்கும் தனியாள் நிவாரணம் இருப்பதால், மாதம் 150,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்குபவருக்கு வரியே இல்லை. கேள்வி கேட்டவரின் அலுவலகத்தில் பெரும்பாலானோர் அந்த வகையினராகவே இருப்பார்கள். அவர்களுடைய 500 ரூபாய் முழுவதும் அவர்களுடைய கையிலிருந்தே போகும். முகாமையாளரின் 5,000 ரூபாயும் கீழே இருப்பவரின் 500 ரூபாயும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்பது நியாயமற்றது என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஜூலை 9

"விருப்பமானவர்கள் மட்டும்" என்ற சொல்லை மேலிருப்பவர் எழுதும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. 2020 மே மாதத்தில், கொரோனாக் காலத்தில், ஜனாதிபதியின் செயலாளர் அரச ஊழியர்கள் அந்த மாதச் சம்பளத்தையோ அதில் ஒரு பகுதியையோ விட்டுக்கொடுக்கும்படி கடிதம் மூலம் கேட்டதும், அது எழுப்பிய எதிர்ப்பும் பலருக்கும் நினைவிருக்கும். அன்று எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் ஆசிரியை, தாமாகவே ஒரு நாள் சம்பளத்தை அனுப்ப எண்ணியிருந்ததாகவும், கடிதத்தைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டதாகவும் சொன்னார். கல்நெஞ்சம் கொண்டவர் அல்லர் அவர். அயலில் நாட்கூலி இழந்திருந்த இரண்டு வீடுகளுக்கு ஊரடங்குக் காலம் முழுவதும் சமைத்துக் கொடுத்தவர்.

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களிடம் நிதி சேர்க்கும் ஒருங்கிணைந்த திட்டம் ஒன்று 1961 இல், கென்னடி ஜனாதிபதியாக இருந்தபோது தொடங்கியது. அதற்கென எழுதப்பட்டுள்ள விதிகளைப் படித்தபோது, எங்கள் அலுவலகத்தை அருகில் நின்று பார்த்தவர் யாரோ எழுதியதுபோல் இருந்தது. மேலதிகாரி தமக்குக் கீழே வேலை செய்பவரிடம் நேரில் நன்கொடை கேட்கக் கூடாது. கொடுத்தாயா என்று விசாரிக்கக் கூடாது. நூற்றுக்கு நூறு பேரும் சேர வேண்டும் என்று இலக்கு வைக்கக் கூடாது. கொடுக்காதவர்களின் பட்டியலைத் தயாரிக்கக் கூடாது. நான்காவதை நான் செய்ததில்லை என்று முதலில் நினைத்தேன். பெயருக்கு எதிரே வெற்றுக் கட்டம் இருக்கும் பட்டியல், கொடுக்காதவர்களின் பட்டியல் அல்லாமல் வேறென்ன?

ஜூலை 10

சம்பளத் தாளில் தருமத்தைத் தனி வரியாகக் காட்டாமல் சங்கச் சந்தாவுடன் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டினால், யார் கொடுக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. இதை ஒரு யோசனையாக முன்வைக்கிறேன்.

ஜூலை 12

அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டையும் சேர்த்தால் கொடுப்பவருக்கே தம்முடைய காசு எவ்வளவு, எங்கே போகிறது என்று தெரியாமல் போய்விடும் என்று சாவகச்சேரி அக்கா ஒருவர் எழுதியது முற்றிலும் சரி. தனி வரியாகவே இருக்கட்டும். சம்பளத் தாளை மடித்து ஒட்டிக் கொடுக்கட்டும். எங்கள் அலுவலகத்தில் அதைத் திறந்தபடி பிரிவுத் தலைவரின் மேசையில் அடுக்கிவைத்து, ஒவ்வொருவராக வந்து எடுக்கச் சொன்ன வழக்கம்தான் முதலில் நிறுத்தப்பட வேண்டியதாக இருந்தது.

ஜூலை 20

காசு போன இடத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வன்னிப் பாடசாலைக்குச் சேர்த்த நிதி, பதினான்கு மாதங்கள் வங்கிக் கணக்கில் கிடந்தது. மூன்று விலைக்கேள்விகள் வர வேண்டும், பிறகு பொதுக்கூட்டம், பிறகு நிர்வாகத்தில் ஒருவர் நேரில் வந்து கையளிக்க வசதியான நாள் என்று இழுபட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அளவெடுத்த சப்பாத்துகள் பாதிப் பிள்ளைகளின் காலுக்குச் சிறிதாகிவிட்டன. ஒரு சிறுமி பின்காலை நெரித்துத் திணித்துக்கொண்டு, புகைப்படம் எடுத்து முடியும்வரைக்கும் சிரித்தபடி நின்றாள். திரும்பி வரும் வழியில் வான் வண்டிக்குள் நல்ல உற்சாகம். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

யார் கொடுத்தார் என்பதை நாங்கள் தாள் அடித்து ஊருக்குக் காட்டினோம். காசு என்ன ஆனது என்பதைக் கொடுத்தவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. மறுபக்கமாக இருந்திருக்க வேண்டும்: பெயர்கள் பெட்டிக்குள்ளும், கணக்கு அறிவித்தல் பலகையிலும்.

கண்ணுக்குத் தெரியும் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு 2011 ஐ நினைத்துப் பார்க்கலாம். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் ஒரு குழுவினர் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட நிதி திரட்டினார்கள். இங்கிருந்து கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ் ஏறிப் போய், உறவினர் வீட்டு விறாந்தையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களைத் தெரியாத குடும்பம் எங்களிடையே குறைவு. அக்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் பெட்டி ஒன்று மட்டும் வைத்தோம், பட்டியல் இல்லை. பெட்டியைத் திறந்து எண்ணியபோது, நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. கட்டடம் எழும்புவதைக் காங்கேசன்துறை வீதியால் போகும் எவரும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 3

"கொடுப்பவர், பெறுபவர் என்று இரண்டு சாதியா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். 2022 ஐப் பற்றிச் சொல்வதுதான் அதற்குப் பொருத்தமான பதில்.

அந்த ஆண்டு விலைகள் ஏறிக்கொண்டே போய், செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. எரிபொருள் வரிசையில் இரவைக் கழித்துவிட்டு ஊழியர்கள் காலையில் வேலைக்கு வந்தார்கள். மதியச் சாப்பாட்டுப் பெட்டிகள் இலேசாகிக்கொண்டே வந்தன. சம்பளப் பட்டியலில் தருமத்துக்கான வரி மட்டும் பழைய ஒப்புதலின்படி மாதாமாதம் தானாகக் கழிந்துகொண்டிருந்தது. ஒரு முறை கையொப்பமிட்டது எக்காலத்துக்கும் செல்லும் என்றுதான் நாங்கள் படிவத்தை எழுதியிருந்தோம். நிறுத்தச் சொல்லி எவரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்பதை அந்தத் தம்பியின் விடயத்திலேயே நான் கற்றிருக்க வேண்டும்.

ஆகவே அந்த ஆண்டு ஜூலையிலேயே, தலைவரிடம் பேசி, எல்லோருடைய கழிப்பையும் ஒரேயடியாக நிறுத்தினோம். மீண்டும் கொடுக்க விரும்புபவர் புதிய படிவத்தை நிரப்பி, மூடிய உறையில் என்னுடைய மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் போட வேண்டும். கொடுக்க விரும்பாதவரும் வெற்றுப் படிவத்தை உறையிலிட்டுப் போட வேண்டும், அப்போதுதான் பெட்டிக்கு வந்தவர், வராதவர் என்ற பேதம் தெரியாது. ஐம்பத்துநான்கு உறைகள் வந்தன. இருபத்தொன்பதில் தொகை இருந்தது, மற்றவை வெற்றுத்தாள்கள். மொத்தத் தொகை முன்பிருந்ததில் பாதிக்குச் சற்று மேல். வெற்றுத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், பெயரில்லாமல், "இப்போது எனக்கே தேவை" என்று எழுதியிருந்தது.

அந்த வரிக்குப் பிறகு செயற்குழு கூடி, நிதியில் மூன்றில் ஒரு பங்கை எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே தேவைப்படுவோருக்கு ஒதுக்கியது. யார் வாங்கினார் என்பது தலைவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவ்வாறு வாங்கியவர்களில் மூவர் அடுத்த ஆண்டு தாமாகவே மீண்டும் படிவம் நிரப்பினார்கள். அவர்களில் ஒருவருடைய தொகை, அவர் முன்பு கொடுத்ததிலும் அதிகம். யாழ்ப்பாணத்தின் மூளாய்க் கிராமத்தில் 1930களில் ஊரவர் கூட்டுறவாகச் சேர்ந்து வைத்தியசாலை தொடங்கியபோதும் இப்படித்தான் இருந்திருக்கும்: பங்கு போட்டவரே நோயாளியாகவும் போய்ப் படுப்பார்.

ஓகஸ்ட் 11

நல்லூர்த் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் நின்று உதவுவதும் இதற்குள் வருமா என்று கேட்கிறார்கள். வரும். காசு இல்லாதவருக்கு நேரம் இருக்கலாம். ஆனால் விடுமுறை நாளில் "எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்" என்று சுற்றறிக்கை வந்தால், மறுபடியும் அதே தாள்தான்.

இரத்ததானத்தை இதற்கு நல்ல முன்மாதிரியாகப் பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு இரத்த வங்கியினர் வந்தபோது, ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து வைத்துக் கேள்வி கேட்டார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதாதவர், எடை 50 கிலோவை எட்டாதவர், வேறு காரணம் உள்ளவர் என்று பலர் திரும்பினார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று எவரும் எவரிடமும் கேட்கவில்லை. கேட்பது முறையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இலங்கையில் இன்று இரத்தம் முழுவதும் ஊதியம் பெறாத தொண்டர்களிடமிருந்தே கிடைக்கிறது. உடம்பைப் பற்றி இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்ளத் தெரிந்த எங்களுக்குச் சம்பளத்தைப் பற்றி ஏன் முடியவில்லை?

ஓகஸ்ட் 16

ஊழியர் கொடுக்கும் அளவுக்கு நிறுவனமும் கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1954 இல் தொடங்கிய முறை இது, நல்ல முறை. நான் வேலை செய்த இடத்திலும் ஒரு முறை நிர்வாகம் சம தொகை தருவதாகச் சொன்னது, தந்தது. ஆனால் கையளித்த நாளில் பதாகையில் நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும் மட்டுமே இருந்தன. ஊழியர் பெயர்கள் வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். "ஊழியர்களும் நிறுவனமும் சம பங்கு" என்ற ஒரு வரி போதும். அதுவும் கணக்கின் ஒரு பகுதிதான்.

ஓகஸ்ட் 24

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். அவர் தாளில் கையொப்பமிடாமல், முகாமையாளரிடம் தனியாகப் போய், உறை முறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முகாமையாளர் கோபப்படவில்லை, முதலாவதாகத் தன் பெயரை எழுதியது மற்றவர்களுக்கு உற்சாகம் தரும் என்றே நினைத்ததாகச் சொன்னாராம். அதை நான் நம்புகிறேன், இறங்குவரிசையில் அடுக்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது புதிய படிவம் எழுதும் வேலையை அவரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். மாதிரி ஒன்று கேட்கிறார்.

எங்களுடைய 2022 படிவத்தில் இருந்தவை: தொகை, தொடங்கும் மாதம், கல்வி, மருத்துவம், அலுவலகத்துக்குள் உதவி என்ற மூன்றில் ஒரு தெரிவு, கையொப்பம். உறை சம்பளப் பட்டியல் தயாரிப்பவரிடம் நேரே போக வேண்டும், பிரிவுத் தலைவர் வழியாகப் போகக் கூடாது. மொத்தத் தொகையும் செலவும் மாதம் தோறும் அறிவித்தல் பலகையில் வர வேண்டும்.

நாங்கள் எழுதத் தவறிய ஒன்றை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்: கழிப்பு பன்னிரண்டு மாதங்களில் தானாக நின்றுவிடும், தொடர விரும்புபவர் புதிதாக நிரப்ப வேண்டும். அந்த வரி இல்லாததால், நான் ஓய்வுபெற்று வந்த மாதத்திலும் சிலருடைய பழைய தொகை அப்படியே கழிந்துகொண்டிருந்தது.

ஓகஸ்ட் 25

"புதிதாக நிரப்ப வேண்டும்" என்பதற்கான அறிவித்தலைப் பெயர் பெயராக அனுப்பாமல், எல்லோருக்கும் ஒரே நாளில் வெற்றுப் படிவமாகவே கொடுக்க வேண்டும். நேற்று இதை எழுத மறந்துவிட்டேன்.